ஐந்தாம் படி: நீல்ஸ் ஹென்ரிக் ஆபெலின் வாழ்க்கை

நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்த எவரும் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை அவ்வளவு எளிதில் மறந்துவிட மாட்டார். எஸ்பிஎம் எழுதி எத்தனை ஆண்டுகள் ஆனாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட நம்மில் பலர் அதை ஒப்பித்துவிடுவோம். சமன்பாட்டில் உள்ள மூன்று எண்களை எடுத்து அந்தச் சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். யோசிக்கவே வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் வார இறுதிகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இதெல்லாம் பிற்காலத்தில் எதற்குப் பயன்படும் என்று கேட்காத மாணவர் இல்லை. அதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால், எப்போதாவது ஒரு மாணவர் வேறொரு கேள்வியைக் கேட்பார். இருபடிக்குச் சூத்திரம் இருக்கிறது, சரி, முப்படிக்கு இருக்கிறதா? நாற்படிக்கு? ஐந்தாம் படிக்கு? இந்தக் கேள்விக்குச் சமாளிப்புப் பதில் கிடையாது. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் 26 வயதில் இறந்துபோன ஒரு நார்வே நாட்டு இளைஞரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல். நம்மைப் போலவே பள்ளி மாணவராக இருந்தபோது இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டவர் அவர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான்கு படிகள்

முதலில் ஆபெலுக்கு முன்பு நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். இருபடிக் கணக்குகளை ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியைச் சொற்களிலேயே தந்திருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இத்தகைய கணக்குகளை வகை பிரித்து முறையாக எழுதினார். அவருடைய நூல் தலைப்பில் இருந்த ஓர் அரபுச் சொல்தான் அல்ஜீப்ரா என்று உலகெங்கும் பரவியது. நாம் இயற்கணிதம் என்கிறோம்.

முப்படிக்குச் சூத்திரம் கிடைக்க 16ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியக் கணித அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். விரைவிலேயே பெராரி என்பவர் நாற்படிக்கும் வழி கண்டார். இரண்டும் கார்டானோவின் நூலில் 1545ஆம் ஆண்டு அச்சாயின. அடுத்தது ஐந்தாம் படி. அதுவும் சில ஆண்டுகளில் கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கிடைக்கவில்லை. ஆய்லர், லக்ராஞ்சு போன்ற மாமேதைகள் முயன்றும் முடியவில்லை. 1799இல் ருபினி என்ற இத்தாலியர், அப்படி ஒரு சூத்திரமே இருக்க முடியாது என்று ஒரு நிறுவலை வெளியிட்டார். அதில் ஓர் இடைவெளி இருந்தது. அவரைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. கேள்வி அப்படியே நின்றது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஆபெல் 1802ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் நார்வேயின் தென்மேற்குக் கடலோரப் பகுதியில் பிறந்தார். தந்தை தேவாலயப் பாதிரியார். ஆபெல் வீட்டில் இரண்டாவது பிள்ளை. சில ஆண்டுகளில் குடும்பம் யேர்ஸ்தாத் என்ற ஊருக்கு மாறியது. பிள்ளைகளுக்குத் தந்தையே தம் கைப்பட எழுதிய புத்தகங்களை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கணக்குப் புத்தகத்தின் கூட்டல் அட்டவணையில், ஒன்றோடு சுழியத்தைக் கூட்டினால் சுழியம் என்று எழுதியிருந்ததாம்! பின்னாளில் உலகமே வியந்த கணித மேதை இந்தப் புத்தகத்தில்தான் கணக்கைத் தொடங்கினார்.

அப்போது நார்வே ஓர் ஏழை நாடு. ஐரோப்பியப் போர்களின்போது கடல்வழி அடைபட்டுப் போனதால் உணவுத் தட்டுப்பாடும் பஞ்சமும் நிலவின. 1814இல் டென்மார்க்கின் பிடியிலிருந்து விலகி, சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் நார்வே இணைந்தது. ஆபெலின் தந்தை அந்நாட்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் அங்குச் சிலர்மீது அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் அவருக்கே வினையாக முடிந்தன. அவப்பெயரோடு ஊர் திரும்பினார். குடிப்பழக்கம் முற்றியது. 1820இல் அவர் இறந்தபோது குடும்பத்திற்கு மிஞ்சியது வறுமைதான். இளம் வயதிலேயே ஆபெலின் தோளில் குடும்பச் சுமை ஏறியது.

ஓர் ஆசிரியர் போனார், ஓர் ஆசிரியர் வந்தார்

ஆபெல் 1815இல், தம் 13ஆம் வயதில், தலைநகர் கிறிஸ்தியானியாவில் இருந்த கதீட்ரல் பள்ளியில் சேர்ந்தார். கிறிஸ்தியானியா என்பது இன்றைய ஓஸ்லோ. பழம்பெருமை வாய்ந்த பள்ளிதான். ஆனால் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் நல்ல ஆசிரியர்களை எல்லாம் எடுத்துக்கொண்டதால் பள்ளியின் தரம் இறங்கியிருந்தது. ஆபெலும் அங்கே சுமாரான மாணவராகத்தான் இருந்தார்.

அப்பள்ளியின் கணித ஆசிரியர் மாணவர்களை அடிப்பவர். 1817இல் அவர் ஒரு மாணவனைக் கடுமையாக அடித்தார். சில நாள்களில் அந்த மாணவன் இறந்துபோனான். ஆசிரியர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இடத்திற்கு 1818இல் வந்தவர் பேர்ன்ட் மிக்கேல் ஹோல்ம்போ. அப்போதுதான் இருபது வயதைத் தாண்டிய இளைஞர் அவர். இன்று நம் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில் இருப்பவர்களின் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்ம்போ மாணவர்களுக்குச் சொந்தமாகக் கணக்குகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னார். ஆபெல் அவற்றை அணுகும் விதத்தைப் பார்த்ததும் இவன் வேறு வகைப் பிள்ளை என்று புரிந்துகொண்டார். பள்ளிப் பாடத்தோடு நிறுத்தவில்லை. நியூட்டன், ஆய்லர், லக்ராஞ்சு, லாப்லாஸ் ஆகியோரின் நூல்களைத் தந்து படிக்க வைத்தார். ஓரிரு ஆண்டுகளில் மாணவர் ஆசிரியரைத் தாண்டிப் போய்விட்டார். இதில் ஹோல்ம்போவுக்குப் பொறாமை இல்லை, பெருமைதான். பள்ளி அறிக்கையில் இம்மாணவன் உலகின் முதன்மையான கணித மேதையாக வருவான் என்ற பொருளில் எழுதினார். அது மிகையாகப் பட்டதால் பிறகு அந்த வாசகத்தின் சுருதி குறைக்கப்பட்டது என்பார்கள்.

தந்தை இறந்த மறு ஆண்டு ஆபெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசில்லை. இலவசமாகத் தங்க இடம் கிடைத்தது. உதவித்தொகை கிடைக்க வழியில்லாததால் பேராசிரியர்கள் சிலர் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு அவரைப் படிக்க வைத்தார்கள். தம்பி ஒருவரையும் தம் அறையிலேயே தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார் ஆபெல். பி.டி.பி.டி.என். கடனில் படித்துக்கொண்டே வீட்டுக்கும் பணம் அனுப்பும் நண்பர்களை நான் அறிவேன். ஆபெலின் இந்தக் காலத்தைப் படிக்கும்போது அவர்கள்தாம் என் கண்முன் வருகிறார்கள்.

எண்ணை இட்டுப் பார்

பள்ளியில் இறுதியாண்டு படிக்கும்போதே ஆபெல் ஒரு பெரிய காரியம் செய்தார். 250 ஆண்டுகளாகக் கிடைக்காத ஐந்தாம் படிச் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி, அதை எழுதி ஆசிரியரிடம் கொடுத்தார். ஹோல்ம்போ பார்த்தார், தவறு தெரியவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ்தீன் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. நார்வேயில் இதைச் சரிபார்க்கக்கூடியவர் யாருமே இல்லை. ஆகவே கட்டுரை டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இருந்த பேராசிரியர் டேகனுக்கு அனுப்பப்பட்டது.

டேகனாலும் தவறைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் அவர் நல்ல ஆசிரியர்கள் செய்வதைச் செய்தார். சூத்திரத்தை ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டில் எண்களை இட்டுச் செய்து காட்டும்படி கேட்டார். ஆபெல் அப்படிச் செய்ய உட்கார்ந்தார். அப்போதுதான் தம் சூத்திரம் எல்லாச் சமன்பாடுகளுக்கும் பொருந்தாது என்பது அவருக்கே தெரிந்தது.

நம் பாடநூல்களில் விடையைச் சரிபார்க்க எனக் கடைசியில் ஒரு வரி இருக்கும். தேர்வில் நேரமில்லை என்று நாம் அதை விட்டுவிடுவோம். அந்த ஒரு வரிதான் ஆபெலின் வாழ்க்கையைத் திருப்பியது. சூத்திரம் எப்படி இருக்கும் என்று தேடியவர், சூத்திரம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்வியோடு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பலர் மோதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கேள்விதான் கதவைத் திறந்தது.

ஆறு பக்கம்

1824இல் ஆபெலுக்கு விடை கிடைத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் கொண்டு எல்லா ஐந்தாம் படிச் சமன்பாடுகளையும் தீர்க்கும் சூத்திரம் இருக்கவே முடியாது என்று நிறுவினார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். எத்தனை ஆயிரம் ஆண்டுகள் தேடினாலும் கிடைக்காது என்பது.

இதன் உட்கருத்தை நான்காம் படிவக் கணக்கைக் கொண்டே ஓரளவு விளக்கிவிடலாம். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணின் 5 மடங்கைக் கழித்து 6ஐக் கூட்டினால் சுழியம் வருகிறது என்போம். தீர்வுகள் 2, 3. சமன்பாட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் எண்களோ 5, 6. இவற்றில் 5 தீர்வுகளின் கூட்டுத்தொகை. 6 அவற்றின் பெருக்குத்தொகை. 2ஐயும் 3ஐயும் இடம் மாற்றினாலும் இந்தக் கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் மாறுவதில்லை. எனவே, தீர்வுகளைத் தனித்தனியே பிரித்தெடுக்க, இடம் மாற்றினால் தானும் மாறுகிற ஒன்று நமக்குத் தேவை. தீர்வுகளின் வித்தியாசம் அப்படிப்பட்டது. ஒரு வரிசையில் அது 1. மறு வரிசையில் −1. அதன் வர்க்கம் இரண்டிலும் 1தான். அந்த 1ஐச் சமன்பாட்டிலிருந்தே பெறலாம்: 5இன் வர்க்கம் 25, 6இன் நான்கு மடங்கு 24, கழித்தால் 1. சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் நாம் எழுதுவது இதைத்தான். பாடநூல் இதைத் தன்மைகாட்டி என்று சொல்லும். அந்த வர்க்கமூலத்தை எடுக்கும்போதுதான் கூட்டல் குறி, கழித்தல் குறி என இரண்டு வழி பிரிந்து, இரு தீர்வுகளும் வெளியே வருகின்றன.

ஆக, சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு மூலக்குறியின் வேலையும் தீர்வுகளின் வரிசைகளைச் சம கூறுகளாகப் பிரிப்பதுதான். இரண்டு தீர்வுகளை 2 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரு வர்க்கமூலம் போதும். மூன்று தீர்வுகளுக்கு 6 வரிசைகள். ஒரு வர்க்கமூலம் அவற்றை இரண்டாகப் பிரிக்கும். பிறகு ஒரு கனமூலம் மூன்றாகப் பிரிக்கும். நான்கு தீர்வுகளுக்கு 24 வரிசைகள். அங்கும் படிப்படியாகப் பிரித்துவிடலாம். ஐந்து தீர்வுகளுக்கோ 120 வரிசைகள். ஒரு வர்க்கமூலத்தால் அதை 60 ஆக்கலாம். அதற்கு மேல் எந்த மூலக்குறியாலும் பிரிக்க முடியாமல் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு தெளிவாக இதைப் பார்க்கும் பார்வையைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சு நாட்டு இளைஞர் கல்வா தந்தார். ஆனால் தீர்வுகளை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் ஆபெலின் நிறுவலுக்கும் அடிப்படை. ஐந்து எண்களை இடம் மாற்றும்போது ஒரு கோவை எத்தனை வெவ்வேறு மதிப்புகளை எடுக்க முடியும் என்பது பற்றிப் பிரெஞ்சு அறிஞர் கோஷி கண்டறிந்திருந்த ஒரு முடிவை ஆபெல் அதில் பயன்படுத்தினார். இந்தக் கோஷி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை என்று ஆபெல் சொல்லவில்லை. ஓர் எண்ணின் ஐந்தாம் படி அந்த எண்ணைவிட 1 அதிகம் என்றால் அது எந்த எண்? கணிப்பான் சொல்லிவிடும்: ஏறத்தாழ 1.1673. தீர்வு இருக்கிறது. அதை வர்க்கமூலம், கனமூலம், ஐந்தாம் மூலம் என்று எதைக் கொண்டும் துல்லியமாக எழுதத்தான் முடியாது.

ஆபெல் இந்த நிறுவலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். செலவைக் குறைப்பதற்காக அதை ஆறே பக்கத்தில் அடக்கினார். ஒவ்வொரு வரியும் அவ்வளவு சுருங்கிப் போனதால் படித்தவர்களுக்கும் விளங்குவது கடினமாயிற்று. அக்காலத்தின் கணிதப் பேரரசரான ஜெர்மனியின் காஸுக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. காகிதத்திற்குக் காசு இருந்திருந்தால் வரலாறு சற்று மாறியிருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெர்லினும் பாரிசும்

1825இல் நார்வே அரசு ஆபெலுக்கு வெளிநாடு சென்று வர உபகாரச் சம்பளம் தந்தது. நண்பர்களோடு புறப்பட்டுப் பெர்லின் சென்றார். அங்கே கிரெல்லே என்பவரின் நட்பு கிடைத்தது. கிரெல்லே ஒரு பொறியியலாளர், சாலைகள் போட்டவர், கணிதத்தின்மேல் தீராத பற்றுள்ளவர். அவர் 1826இல் ஒரு கணித ஏட்டைத் தொடங்கினார். இன்றும் வெளிவந்து கொண்டிருக்கும் அந்த ஏட்டின் முதல் தொகுதியிலேயே ஆபெலின் கட்டுரைகள் பல இடம்பெற்றன. ஐந்தாம் படி பற்றிய நிறுவலும் அதில் விரிவாக வந்தது.

அதே ஆண்டு ஆபெல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அன்று கணிதத்தின் தலைநகரம் பாரிஸ்தான். ஆனால் அங்கிருந்த பெரியவர்கள் இந்த ஒல்லியான வடநாட்டு இளைஞரை மரியாதையாக வரவேற்றதோடு சரி. தம் வாழ்நாளின் மிகப் பெரிய படைப்பு என்று அவர் கருதிய ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையை 1826 அக்டோபர் 30ஆம் நாள் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார். தொகையீட்டுக் கணிதத்தில் அது ஒரு புதிய உலகத்தையே திறந்த கட்டுரை. அதை மதிப்பிடும் பொறுப்பு லெஜாந்தர், கோஷி ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோஷி அதை வாங்கிச் சென்றார். தம் சொந்த ஆய்வுகளில் மூழ்கியிருந்த அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தம்முடைய முடிவைப் பயன்படுத்தியே ஆபெல் ஐந்தாம் படியை வென்றிருக்கிறார் என்பதாவது அவர் கவனத்தை ஈர்த்திருக்கலாம். ஈர்க்கவில்லை.

ஆபெல் காத்திருந்தார். பணம் கரைந்தது. ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவு என்ற நிலை வந்தது. இருமலும் காய்ச்சலும் தொற்றிக்கொண்டன. அது காசநோய். ஆண்டு இறுதியில் பாரிசை விட்டுக் கிளம்பிப் பெர்லின் வழியாக 1827 மே மாதம் நாடு திரும்பினார். கடன் மட்டுமே மிச்சம்.

வேலை இல்லாத மேதை

அவர் வெளிநாட்டில் இருந்தபோது கிறிஸ்தியானியா பல்கலைக்கழகத்தில் ஒரு கணித விரிவுரையாளர் பதவி காலியானது. அது ஹோல்ம்போவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆம், ஆபெலைக் கண்டெடுத்த அதே ஆசிரியருக்குத்தான். ஆபெல் இளைஞர், தொடக்கநிலை மாணவர்களுக்கு இறங்கி வந்து பாடம் நடத்த மாட்டார் என்பது மேலிடத்தின் எண்ணம். ஆசிரியரும் மாணவரும் இதனால் பிரியவில்லை. கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

ஐரோப்பாவின் தலைசிறந்த கணித ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், சொந்த ஊரில் டியூஷன் எடுத்துப் பிழைத்தார். 1828இல் ஹான்ஸ்தீன் புவிக்காந்தத்தை ஆராயச் சைபீரியா சென்றபோது அவருக்குப் பதிலாகத் தற்காலிகப் பணி கிடைத்தது. இந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஆபெல் வெறிபிடித்தவர் போல் எழுதிக் குவித்தார். ஜெர்மனியின் யாக்கோபியும் அவரும் ஒரே துறையில் போட்டி போட்டுக்கொண்டு புதிய முடிவுகளை வெளியிட்டார்கள். அவருடைய நிலையைக் கேள்விப்பட்ட பிரெஞ்சு அறிஞர்கள் நால்வர் 1828 செப்டம்பரில் சுவீடன்-நார்வே மன்னருக்கே கடிதம் எழுதி, இவருக்கு ஒரு நல்ல பதவி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பலன் ஏதும் இல்லை.

ஆபெலுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கிறிஸ்தீன கெம்ப் என்ற அந்தப் பெண் புரூலாந்து என்ற ஊரில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்தார். நிலையான வேலை கிடைக்காததால் திருமணம் தள்ளிக்கொண்டே போனது. 1828 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உடல்நலம் குன்றிய நிலையிலேயே, கடும் குளிரில் பனிச்சறுக்கு வண்டியில் நெடுந்தூரம் பயணம் செய்து அவரைக் காணச் சென்றார் ஆபெல். அங்கே நோய் முற்றியது. 1829 ஜனவரி 6ஆம் நாள், பாரிஸில் தொலைந்துபோன தம் கட்டுரையின் முக்கியத் தேற்றத்தை மட்டுமாவது காப்பாற்ற வேண்டும் என்று, இரண்டே பக்கத்தில் மீண்டும் எழுதி முடித்தார். அதுவே அவர் கடைசியாக எழுதிய கட்டுரை. 1829 ஏப்ரல் 6ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது 26.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள், பெர்லினிலிருந்து கிரெல்லே ஒரு கடிதம் எழுதினார். ஆபெலுக்குப் பெர்லினில் பதவி உறுதியாகிவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்ற நற்செய்தி அதில் இருந்தது.

இறப்புக்குப் பின்

1830இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் தன் பெரும்பரிசை ஆபெலுக்கும் யாக்கோபிக்கும் பகிர்ந்தளித்தது. பாரிஸ் கட்டுரை தேடி எடுக்கப்பட்டு 1841இல்தான் அச்சேறியது. அதற்குப் பிறகு கையெழுத்துப் படி மறுபடியும் காணாமல் போய், அதன் பெரும்பகுதி 1952இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டது. கிறிஸ்தீனவைப் பார்த்துக்கொள்ளும்படி ஆபெல் தம் நண்பர் கைல்ஹவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அப்பெண்ணை நேரில் கண்டிராத கைல்ஹவ் 1830இல் அவரை மணந்துகொண்டார். ஆபெலின் எழுத்துகளை எல்லாம் திரட்டி 1839இல் நூலாகப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? ஹோல்ம்போ.

பல்கலைக்கழகக் கணிதத்தில் அபீலியன் குலம் என்று படிக்கிறோமே, அது ஆபெலின் பெயர்தான். கணிதத்திற்கு நோபல் பரிசு இல்லை என்பதால் ஆபெல் பெயரில் ஒரு பரிசு நிறுவ வேண்டும் என்று நார்வேயின் சோபுஸ் லீ 1899ஆம் ஆண்டு வாக்கிலேயே முயன்றார். 1905இல் நார்வேயும் சுவீடனும் பிரிந்ததோடு அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. ஆபெல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2002இல் அது மீண்டும் உயிர்பெற்று, 2003 முதல் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. அப்பரிசு நம் தமிழரையும் தேடி வந்திருக்கிறது. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவியலில் செய்த பணிக்காக 2007ஆம் ஆண்டின் ஆபெல் பரிசைப் பெற்றார். இராமானுஜனைப் பற்றிப் பெருமையோடு பேசும் நம் மேடைகளில் வரதனின் பெயரும் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஆபெலின் கதையை வறுமையில் வாடிய மேதையின் சோகக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறு இரண்டு செய்திகள் தெரிகின்றன.

ஒன்று பாடத்தைப் பற்றியது. இடைநிலைப்பள்ளி இயற்கணிதம் நமக்குச் சூத்திரங்களைத் தருகிறது. எல்லாக் கேள்விக்கும் எங்கோ ஒரு சூத்திரம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்ற எண்ணத்தோடு நாம் பள்ளியை விட்டு வெளியே வருகிறோம். நான்காம் படிவ மாணவருக்கு ஐந்தாம் படியின் நிறுவல் விளங்காது. விளங்க வேண்டியதும் இல்லை. சூத்திரம் இல்லை என்பதையும் கணிதத்தால் நிறுவ முடியும் என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். அதைக் கேட்டதும் சில மாணவர்களின் கண்களில் தெரியும் வியப்பை நான் பார்த்திருக்கிறேன். எதற்குப் பயன்படும் என்ற கேள்வி அப்போது அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

மற்றொன்று நம்மைப் பற்றியது. ஹோல்ம்போ பெரிய கணித மேதை அல்லர். தம் மாணவர் எழுதிய சூத்திரத்தில் இருந்த தவறுகூட அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிள்ளையை அடையாளம் கண்டார். நல்ல நூல்களைக் கையில் கொடுத்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பி வைக்கத் துணை நின்றார். அடிக்கும் ஆசிரியரிடமே ஆபெல் தொடர்ந்து படித்திருந்தால் இன்று அவர் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நம் தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இன்று கணிதம் என்றாலே அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடுதல் கணிதம் உனக்கு வராது என்று யாரோ சொன்னதை நம்பி அதை எடுக்காமலே விடுபவர்களும் இருக்கிறார்கள். பட்டதாரிகளும் இந்நாள் மாணவர்களுமாகிய நாம் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், அவர்களில் சிலருக்காவது ஹோல்ம்போவாக இருக்க முடியும். நம் பேரவைகள் நடத்தும் இலவச வகுப்புகளுக்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. அடுத்த முறை பெயர் கேட்டுப் பட்டியல் வரும்போது தயங்காமல் எழுதிக் கொடுங்கள். ஏதாவது ஒரு மாணவர் ஐந்தாம் படிக்குச் சூத்திரம் உண்டா என்று கேட்டால், பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு ஆபெலின் கதையைச் சொல்லுங்கள்.